கள்ளிப்பழத் திருவிழா: பானகம் கலக்கும் முன் சுணையைக் கவனியுங்கள்

கையுறை போடுங்கள், செருப்பு போடுங்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. ராமநாதபுரம் கடற்கரையில் சாயல்குடியிலிருந்து மண்டபம் வரை, பனைக்கும் உடைமரத்துக்கும் நடுவே சப்பாத்திக்கள்ளியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு முள் குத்தும் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் பறித்து நாலு பேர் தின்பது வேறு, நானூறு பேருக்குப் பரிமாறுவது வேறு. புதிதாக விழா எடுக்கும் இளைஞர் மன்றமும் மகளிர் குழுவும், இதில் பழகியவர்கள் ஒரு காலத்தில் செய்த அதே தவறுகளை அப்படியே திரும்பச் செய்கின்றன. அவற்றைத்தான் இங்கே சொல்கிறோம்.

தேதியை முதலில் குறிப்பது

பழத்தைப் பார்த்துவிட்டுத் தேதி குறியுங்கள். நோட்டீஸ் அடித்த பிறகு பழம் போதவில்லை என்று செங்காயைப் பறித்து வைக்கோலில் மூடி வைக்கிறார்கள். மாங்காயும் வாழைக்காயும் அப்படிப் பழுக்கும். கள்ளிப்பழம் பழுக்காது. செடியைவிட்டுப் பிரிந்ததும் அதன் இனிப்பு அந்த இடத்திலேயே நின்றுவிடும். வைக்கோலில் சுருங்கி வாடுமே தவிர வேறொன்றும் நடக்காது. அடிப்பக்கம்கூடப் பச்சை இல்லாமல், முழுப்பழமும் நாவல்பழச் சாறு தோய்ந்தது போல இருந்தால்தான் பறிக்க வேண்டும்.

காற்று ஏறிய பிறகு பறிப்பது

கச்சான் என்ற மேல்காற்று வீசும் மாதங்களில் காலை எட்டு மணிக்கு மேல் கள்ளிப் புதருக்குள் போகாதீர்கள். பனி ஈரம் இருக்கும்போது சுணை, அதாவது பழத்தின் மேலிருக்கும் மயிர் போன்ற நுண்முள், பழத்தோடு ஒட்டிக் கிடக்கும். காய்ந்துவிட்டால் காற்றில் பறந்து கண்ணிமையில் உட்காரும். காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். இடுக்கியால் பழத்தைப் பிடித்துக் கால் சுற்று திருகினால் காம்புப் பக்கம் கிழியாமல் வரும். பிடித்து இழுத்தால் அடி பிய்ந்து, மறுநாளே அந்த இடம் அழுக ஆரம்பிக்கும்.

சாக்கில் கட்டாதீர்கள். பழங்கள் ஒன்றோடொன்று உரசிச் சுணை முழுக்கச் சாக்கில் இறங்கும். அந்தச் சாக்கு பிறகு அரிசிக்கோ கருப்பட்டிக்கோ போகும். ஓலைக் கொட்டானோ பிளாஸ்டிக் கிரேடோ போதும்.

மன்னார் வளைகுடாத் தீவுகளில் பறிப்பது

வேண்டவே வேண்டாம். 21 தீவுகளும் தேசியப் பூங்கா. அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது.

தோலோடு மிக்சியில் போடுவது

இதைத்தான் நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் கோபம் வருவது இதற்குத்தான்.

முதலில் சுணை என்றால் என்ன என்று பாருங்கள். பழத்தின் மேல் புள்ளி புள்ளியாக இருக்கும் ஒவ்வொரு இடத்திலும் மஞ்சள் நிறத்தில் ஒரு சின்னக் கொத்து இருக்கும். ஒன்றைப் பிரித்து வெயிலில் பிடித்தால் பூனைமுடியைவிட மெல்லியது. அதன் நுனியில், தூண்டில் முள்ளில் இருப்பது போலப் பின்னோக்கிய செதில்கள். அதனால்தான் உள்ளே போனது திரும்பி வருவதில்லை. நீளமான முள் குத்தினால் வலி தெரியும், பிடுங்கிப் போடலாம். சுணை அப்படி இல்லை. குத்திய இடமே தெரியாது, நாள் முழுக்க உறுத்தும்.

புதியவர்கள் செய்வது இது. பழத்தை அடுப்பில் லேசாகக் காட்டுகிறார்கள், கழுவுகிறார்கள், "எல்லாம் போச்சு" என்று இரண்டாக வெட்டி மிக்சியில் போட்டு அரைக்கிறார்கள், டீ வடிகட்டியில் வடிக்கிறார்கள். இணையத்தில் வெளிநாட்டு வீடியோ பார்த்துக் கற்றது. அங்கே காட்டுவது கைப்பிடி அளவு பெரிய, தோட்டத்தில் வளர்த்த, சுணை குறைந்த வேறு ரகம். நம் கடற்கரைப் பழம் சிறியது, விதை நிறைந்தது, சுணை அடர்ந்தது.

மிக்சியில் என்ன நடக்கிறது? தீயில் கருகியது சுணையின் மேல்பாதிதான். குழிக்குள் இருக்கும் மீதி தோலோடு உள்ளே போகிறது. பிளேடு அதைத் துண்டு துண்டாக்குகிறது. டீ வடிகட்டியின் கண் அந்தத் துண்டைவிடப் பெரியது. விதையும் நொறுங்கி, மணல் கடித்தது போன்ற துகளும் கசப்பும் சேர்கின்றன. கடைசியில் எல்லாவற்றையும் ஒரே அண்டாவில் ஊற்றிக் கலக்குகிறார்கள். இருபது லிட்டர் பானகத்தைக் கெடுக்கப் பத்துப் பழம் போதும். முதல் வரிசையில் குடித்த குழந்தை தொண்டையைப் பிடித்துக்கொண்டு அழும்போதுதான் விஷயம் தெரியும். அதற்குப் பிறகு எத்தனை முறை வடித்தாலும் அந்த அண்டாவை நம்பி ஒருவருக்கும் கொடுக்க முடியாது. மொத்தமும் கொட்டத்தான் வேண்டும். மூன்று நாள் பறித்த உழைப்பு மண்ணுக்குப் போகும், அடுத்த வருடம் அந்த ஊரில் யாரும் இந்தப் பழத்தைத் தொடமாட்டார்கள்.

சரியான வழி மெதுவானது. ஆனால் அதைவிட்டால் வேறு வழியில்லை.

பழத்தை ஈர மணலில் போட்டு ஈர்க்குமாற்றால் புரட்டித் தேயுங்கள். பெரும்பாலான சுணை இங்கேயே போகும். பிறகு இடுக்கியில் பிடித்து, காஸ் அடுப்பிலோ காய்ந்த பனையோலைத் தீயிலோ சுற்றிலும் காட்டுங்கள். சுணை பொரியும் சத்தம் நின்றால் போதும்; பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் வைத்தால் சதை வெந்து புகைவாடை ஏறும். டீசல் பந்தத்தில் வாட்டினால் அந்த நாற்றம் கடைசிவரை போகாது. வாட்டியதும் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். பழத்தை வாளியில் ஊறவைத்தால், உதிர்ந்த சுணை மறுபடி அதன்மேலேயே ஒட்டும்.

இங்கிருந்து இரண்டு ஆள், இரண்டு பலகை, இரண்டு கத்தி. முதல் ஆள் பழத்தை முள்கரண்டியால் குத்திப் பிடித்து, தலையும் அடியும் அரை சென்டிமீட்டர் வெட்டி, நீளவாக்கில் தோலைக் கீறி விரிக்க வேண்டும். இரண்டாவது ஆள் சுத்தமான கரண்டியால் சதையை மட்டும் வழித்தெடுக்க வேண்டும். தோலைத் தொட்ட கை சதையைத் தொடக் கூடாது. இந்த ஒரு ஒழுங்கு இருந்தால் பாதி ஆபத்து போய்விடும். பூ உதிர்ந்த தலைப்பக்கம் சதைக்குள் இறங்கியிருக்கும் நட்சத்திர முள்ளை இரண்டாவது ஆள்தான் பார்த்து எடுக்க வேண்டும். கிராமத்துப் பிள்ளைகள் அதை எடுக்காமல் ஒரு பழம்கூட வாயில் வைக்கமாட்டார்கள்; விழாப் பந்தலில் மட்டும் அவசரத்தில் மறந்துவிடுகிறார்கள்.

சதையைப் பருப்பு மத்தால் மசியுங்கள். விதை உடையாது. கண் பெரிய சல்லடையில் விதையை நீக்கி, பிறகு நனைத்த வேட்டித் துணியை நாலாக மடித்து வடியுங்கள். துணியைப் பிழியாதீர்கள், தானாக இறங்கட்டும். அரை மணி நேரம் அசையாமல் வைத்து மேல்சாற்றை மட்டும் இறுத்து, அடியில் தங்கும் இரண்டு விரற்கடையை விட்டுவிடுங்கள். அந்த அடிமண்டியைக் கொஞ்சம் வெள்ளைத் தட்டில் ஊற்றி வெயிலில் சாய்த்துப் பாருங்கள். மஞ்சள் இழை ஒன்று தெரிந்தாலும் அந்தத் தொகுதியை மறுபடி துணியில் வடியுங்கள். இழை தெரியாமல் போகும்வரை அது பானைக்குள் போகக் கூடாது. வடித்த துணியைக் கை துடைக்க எடுக்காமல் எரித்துவிடுங்கள்.

சாற்றைக் கொதிக்க வைப்பது

பீட்ரூட்டில் இருக்கும் நிற வகைதான் இதிலும் இருக்கிறது. கொதித்தால் அந்தச் சிவப்பு செங்கல் நிறமாக மங்கும். ஒரு கிலோ சர்க்கரைக்கு அரை லிட்டர் தண்ணீர் விட்டுப் பாகைத் தனியாகக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு சாற்றைச் சேருங்கள். பரிமாறும்போது ஒரு பங்கு சாற்றுப்பாகுக்கு நாலு பங்கு தண்ணீர், கொஞ்சம் எலுமிச்சை. போர் தண்ணீர் இந்தக் கரையில் பல இடங்களில் உப்பு. கேன் தண்ணீர் வாங்குங்கள். கருப்பட்டி போட்டால் ருசி நன்றாக இருக்கும், நிறம் செத்துவிடும். அதைத் தனிப் பானையில் வையுங்கள்.

பித்தளை அண்டா

ஈயம் பூசியிருந்தாலும் வேண்டாம். செம்பும் இரும்பும் நிறத்தைக் கெடுக்கும். எவர்சில்வர் போதும்.

ரோஸ்மில்க் மாதிரி பாலில் கலப்பது

திரியும்.

"சர்க்கரை நோய் குணமாகும்" என்று பலகை வைப்பது

எழுதாதீர்கள். அதை நம்பி மாத்திரையை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பதிலாக இரண்டு விஷயம் எழுதி வையுங்கள். பழம் தின்ற மறுநாள் சிறுநீர் சிவந்து போகலாம், அது ரத்தம் இல்லை. விதையோடு நிறையத் தின்றால் மலம் இறுகும், ஆகவே பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று பழம் போதும்.

பழம் உரிக்கும் இடத்தில் ஜமுக்காளம் விரிப்பது

உரித்து முடித்ததும் அதே ஜமுக்காளத்தை உதறி, விருந்தினரை உட்கார வைப்பார்கள். உதறினால் சுணை போகாது. உரிப்பதற்குப் பழைய தார்ப்பாய், அதுவும் காற்று பந்தலைத் தாண்டிப் போகும் பக்கத்தில். உரிக்கும் இடத்திலிருந்து பந்தலை நோக்கிக் காற்று அடிக்கக் கூடாது.

யாருக்காவது சுணை ஏறிவிட்டால் தேய்க்கவும் கூடாது, பல்லால் கடித்து இழுக்கவும் கூடாது. வெளிச்சத்தில் சாமணத்தால் தெரிவதை எடுத்துவிட்டு, மீதிக்கு பெவிகால் போன்ற வெள்ளைப் பசையைத் தடவி, மெல்லிய துணியை ஒட்டி, காய்ந்ததும் உரித்தெடுங்கள். கண்ணில் பட்டால் நேராக மருத்துவமனை.

மேடையில் தவறான வரலாறு

சங்கப் பாடல்களில் பாலை நிலத்துக் கள்ளி வருகிறது, அதுதான் இது என்று மைக்கில் பேசுகிறார்கள். அது வேறு. கிள்ளினால் பால் வரும் கள்ளி இனம் அது. சப்பாத்திக்கள்ளியில் பால் கிடையாது. அதன் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற மருத்துவர் சென்னையில் சிவப்புச் சாயப் பூச்சிக்காகக் கள்ளித் தோட்டம் போட்டார். பின்னாளில் சப்பாத்திக்கள்ளி தென்னாட்டில் காடாகப் பரவி விளைநிலத்தை விழுங்கியதால், அதை அழிக்க 1926-இல் இலங்கையிலிருந்து இன்னொரு பூச்சி கொண்டுவரப்பட்டது. மடலில் வெள்ளைப் பஞ்சு போல ஒட்டியிருப்பது அந்த இனம்தான். விரலில் வைத்து நசுக்கினால் ரத்தச் சிவப்பு. பிள்ளைகளுக்கு இதைக் காட்டுங்கள். எந்தப் பேச்சையும்விட நன்றாக மனதில் நிற்கும்.

மடலை நினைவுப்பரிசாகக் கொடுப்பது

மரக்கன்று கொடுப்பது போல மடலைப் பையில் போட்டுக் கொடுக்கிறார்கள். ஒரு துண்டு மணலில் விழுந்தால் வேர் பிடிக்கும் செடி இது. பக்கத்து வயல்காரர் உங்களை மன்னிக்கமாட்டார். மிஞ்சிய மடலையும் தோலையும் விதையையும் கண்மாய்க் கரையிலோ கடற்கரையிலோ கொட்டாமல், சிமெண்டுத் தரையில் சருகாகக் காயவைத்து, காற்று அடங்கிய சாயங்காலத்தில் குழிக்குள் போட்டு எரித்து மூடுங்கள்.