பிள்ளைக்குக் காணாக்கடியா? அலர்ஜி டெஸ்டுக்கு ஓடும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பதினைந்து வயதுப் பிள்ளைக்கு உடம்பெல்லாம் திட்டுத்திட்டாகத் தடித்து அரிக்கிறது, காரணம் பிடிபடவில்லை. எங்கள் ஒவ்வாமைப் பிரிவில் இப்படி யாரும் வராத வாரம் இல்லை. பெற்றோர் முதலில் கேட்பது ஒன்றுதான்: "எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு டெஸ்ட் எடுத்துவிடலாமா டாக்டர்?" பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவர்களும் சரியென்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். என் தலைமுறையும் ஆரம்பத்தில் அப்படித்தான் எழுதியது. சொறியாதே, புது சோப்பை நிறுத்து என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

மாத்திரை போட்டுக்கொண்டே ப்ரிக் டெஸ்டுக்கு வருவது

சந்தேகப்படும் பொருளின் துளியைத் தோலில் வைத்து லேசாகக் குத்தி, தடிக்கிறதா என்று பார்ப்பதுதான் ப்ரிக் டெஸ்ட். அரிப்புக்குத் தரும் ஆன்டிஹிஸ்டமின் மாத்திரை இந்த டெஸ்டையும் அமுக்கிவிடும். பொதுவாக 5 முதல் 7 நாள் முன்பே அதை நிறுத்தச் சொல்வோம். எத்தனை நாள் என்பதை டெஸ்ட் செய்யும் இடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பல சளி, இருமல் மருந்துகளிலும் இது கலந்திருக்கிறது, அதைத்தான் நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். முன்னங்கையில், ஒப்பிடுவதற்காக ஹிஸ்டமின் (தடிப்பை உண்டாக்கும் பொருள்) துளி வைத்த இடமே தடிக்காவிட்டால் அன்றைய டெஸ்ட் செல்லாது. வெறும் உப்புநீர் வைத்த இடமும் தடித்தால், கீறினாலே தடிக்கும் தோல் அது. அங்கேயும் முடிவை நம்ப முடியாது. மாத்திரையை நிறுத்தவே முடியாத பிள்ளைக்கு ரத்தத்தில் ஐஜிஇ (IgE, ஒவ்வாமையைத் தூண்டும் எதிர்ப்புப் புரதம்) பார்க்கலாம், அதை மாத்திரை பாதிப்பதில்லை.

மொத்தப் பட்டியலுக்கும் டெஸ்ட் எடுத்து, சாப்பாட்டை நிறுத்துவது

இத்தனை வருடம் கழித்தும் எனக்குக் கோபம் வருவது இதில்தான்.

ஒரு தாய் தடிமனான ஃபைலோடு மகளை அழைத்து வந்தார். ஏராளமான உணவுகளுக்கு ஐஜிஜி (IgG, வேறு வகை எதிர்ப்புப் புரதம்) பார்த்த ரிப்போர்ட், பாதி வரிகள் சிவப்பில். அதை நம்பிப் பால், முட்டை, கோதுமை, நிலக்கடலை எல்லாவற்றையும் பல மாதமாக நிறுத்தியிருந்தார். பிள்ளையின் எடை இறங்கியிருந்தது, தடிப்பு மட்டும் அப்படியே இருந்தது. நான் எதைக் கேட்டாலும் அம்மாவே பதில் சொன்னார். அவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, "உனக்கு எப்பம்மா வருது?" என்று மகளைக் கேட்டேன். "விளையாட்டு பீரியட்ல டாக்டர். அப்புறம் வெந்நீர்ல குளிச்சா. சின்னச் சின்னதா வரும், ஒரு மணி நேரத்துல போயிடும்" என்றாள். எங்கள் கண்காணிப்பில் வியர்க்கும்வரை படி ஏறச் சொன்னோம். கழுத்திலும் மார்பிலும் கடுகளவு தடிப்புகள் சிவந்து எழுந்தன. உடல் சூடேறி வியர்க்கும்போது வரும் காணாக்கடி அது. இந்த வயதினரிடம் அடிக்கடி பார்ப்பதுதான். சாப்பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

ஐஜிஜி என்பது அந்த உணவை உடம்பு சந்தித்திருக்கிறது என்பதற்கான அடையாளம், அவ்வளவுதான். ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2008-லும், கனடா சங்கம் 2012-லும் உணவு ஒவ்வாமையைக் கண்டறிய இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று எழுத்திலேயே சொல்லிவிட்டன. ஆனாலும் விற்பனை நிற்கவில்லை.

ஐஜிஇ டெஸ்ட் அப்படியல்ல, அது தரமான டெஸ்ட். ஆனால் அதையும் கண்ணை மூடிக்கொண்டு நாற்பது உணவுக்கு எடுத்தால் சிக்கல்தான். பிள்ளை தினமும் ஒரு தொந்தரவும் இல்லாமல் சாப்பிடுகிற உணவுக்கும் 'பாசிட்டிவ்' வரும். உடம்பில் ஐஜிஇ இருப்பது வேறு, சாப்பிட்டால் ஒவ்வாமை வருவது வேறு. வீணாக நிறுத்தினால் வளரும் வயதில் சத்துக் குறையும். எக்ஸிமா (கரப்பான்) உள்ள பிள்ளைக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு: நன்றாக ஏற்றுக்கொண்டிருந்த உணவையே நீண்ட நாள் நிறுத்திவிட்டு மறுபடி கொடுக்கும்போது தீவிர ஒவ்வாமை வந்ததுண்டு.

உணவால் வரும் தடிப்பு பெரும்பாலும் சாப்பிட்ட சில நிமிடத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வரும். அதே உணவைச் சாப்பிடும்போது திரும்ப வரும். அப்படி ஒரு சந்தேகம் இருந்தால் அந்த ஒரு உணவுக்கு மட்டும் டெஸ்ட் எடுங்கள். கோதுமை சாப்பிட்டுவிட்டு ஓடினால் மட்டும் தடிப்பும் மயக்கமும் வருகிறது என்று ஒரு பையன் சொன்னால், ஒமேகா-5 கிளியாடின் என்ற கோதுமைப் புரதத்துக்கு ஐஜிஇ பார்ப்போம். அங்கே டெஸ்ட் உயிரையே காப்பாற்றும். ஆறு வாரத்துக்கு மேல் காரணமில்லாமல் தினமும் வந்துபோகும் காணாக்கடியில் உணவு குற்றவாளியாக இருப்பது அபூர்வம். திடீரென்று வந்து சில நாளில் அடங்குவது என்றால், பிள்ளைகளிடம் பெரும்பாலும் வைரஸ் தொற்றுதான் காரணம்.

வலி மாத்திரையைச் சொல்லாமல் விடுவது

ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் இரண்டும் காணாக்கடியைக் கிளப்பும். மாதவிடாய் வலிக்குப் போட்டதையும் சொல்லுங்கள்.

காணாக்கடிக்குப் பேட்ச் டெஸ்ட் கேட்பது

அது வேறு நோய்க்கானது. நிக்கல், தலைச்சாயம், ஜெல் நகப்பூச்சு போன்றவை பட்ட இடத்தில் ஓரிரு நாள் கழித்து வரும் கரப்பானுக்கு முதுகில் ஒட்டி 48 மணி நேரம் வைத்துப் பார்ப்பது.

தடிப்பு எவ்வளவு நேரம் இருந்தது என்று பார்க்காதது

ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு நேரத்தை எழுதுங்கள், போட்டோவும் எடுங்கள். காணாக்கடி என்றால் 24 மணி நேரத்துக்குள் அந்த வட்டம் காலியாகிவிடும்; வேறு இடத்தில் புதிது வரலாம். வட்டத்துக்குள்ளேயே நின்று, அரிப்பைவிட எரிச்சலும் வலியும் அதிகமாகி, கன்றிய தழும்பு விட்டுப் போனால் ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். அதற்கு அலர்ஜி டெஸ்ட் உதவாது, தோலில் சிறு துண்டு எடுத்துப் பார்க்க வேண்டும்.

மூச்சுத் திணறலோடு டெஸ்ட் தேதிக்குக் காத்திருப்பது

நாக்கு வீக்கம், குரல் மாற்றம், மூச்சுத் திணறல், மயக்கம் வந்தால் அவசர சிகிச்சை, தொடையில் அட்ரினலின் ஊசி. உடனே.

'நெகட்டிவ்' என்றதும் வைத்தியத்தை விடுவது

டெஸ்டில் ஒன்றும் தெரியாவிட்டாலும் பிள்ளைக்கு அரிப்பது உண்மை. தூக்கம் வரவழைக்காத ஆன்டிஹிஸ்டமினைத் தினமும் கொடுத்து, அடங்காவிட்டால் மருத்துவரே அளவை நான்கு மடங்கு வரை கூட்டலாம். அதற்கும் அடங்காத நாள்பட்ட காணாக்கடிக்கு 12 வயதிலிருந்து ஒமலிசுமாப் ஊசி இருக்கிறது.