வகுப்பிலிருந்தே ஆய்வைத் தொடங்குவது எப்படி?

கணினி அறிவியல் துறையில் புதிதாகச் சேரும் உதவிப் பேராசிரியர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "மேடம், வகுப்பு எடுத்து, லேப் பார்த்து, விடைத்தாள் திருத்தி முடித்தால் பொழுது போய்விடுகிறது. ஆய்வுக்கு நேரம் எங்கே இருக்கிறது?" நேரம் கிடைக்காது, தேடாதீர்கள் என்பதுதான் என் பதில். வகுப்புக்குள்ளேயே ஆய்வுக்கான கேள்வி எழும்படி பாடத்தைக் கொஞ்சம் மாற்றிவிட்டால் பாதி வேலை அங்கேயே நடந்துவிடும். நான் அப்படித்தான் செய்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் சிஸ்டம்ஸ் பக்கத்து ஆள், அதாவது செயலி, நினைவகம், கம்பைலர் போன்றவற்றோடு வேலை செய்பவள். முழுக்கக் கோட்பாட்டு ஆய்வு செய்பவர்களுக்கு இதில் பாதிதான் பொருந்தும்.

இது புதிய யோசனையும் இல்லை. 1951-இல் எம்.ஐ.டி.யில் ராபர்ட் ஃபானோ தன் வகுப்பில், இறுதித் தேர்வு எழுதலாம், அல்லது அதற்குப் பதில் ஒரு கட்டுரை தரலாம் என்றார். கட்டுரையைத் தேர்ந்தெடுத்த டேவிட் ஹஃப்மன் கண்டுபிடித்த, தரவைச் சுருக்கும் குறியீட்டு முறை 1952-இல் வெளியானது. இன்று ஜிப் கோப்பிலும் ஜேபெக் படத்திலும் அது இருக்கிறது. 1960-இல் மாஸ்கோவில் கணித அறிஞர் கோல்மகோரோவ் ஒரு கருத்தரங்கில், இரண்டு பெரிய எண்களைப் பெருக்க இலக்கங்களின் எண்ணிக்கையின் வர்க்கத்துக்குக் குறையாத வேலை தேவைப்படும் என்ற தன் ஊகத்தை முன்வைத்தார். கேட்டுக்கொண்டிருந்த 23 வயது மாணவர் கரட்சுபா ஒரே வாரத்தில் அதைத் தகர்த்தார்: நான்கு பெருக்கல் வேண்டிய இடத்தில் மூன்றே போதும் என்று காட்டிவிட்டார். இந்த இரண்டு கதைகளையும் சொல்பவர்கள் மாணவரின் மேதைமையைத்தான் பேசுவார்கள். என் கண்ணுக்கு ஆசிரியர்கள்தான் தெரிகிறார்கள். முடிவு தெரியாத ஒரு கேள்வியை, மாணவர் கைவைத்துப் பார்க்கும் அளவுக்குத் தெளிவாக வகுப்பில் வைத்தார்களே!

லேப் தாளில் ஒரு வரி

பெரும்பாலான துறைகளில் லேப் பயிற்சித் தாள் ஆண்டுக்கணக்கில் மாறாமல் கிடக்கும். "பைனரி தேடலுக்கு நிரல் எழுதுக." மாணவர் எழுதுவார், அவுட்புட் வரும், நீங்கள் கையெழுத்துப் போடுவீர்கள், அவ்வளவுதான். முழுத் தாளையும் மாற்றப் போகாதீர்கள். அது கூட்டம், குழு, ஒப்புதல் என்று இழுத்துக்கொண்டே போகும். ஒவ்வொரு பயிற்சியின் அடியிலும் ஒரே ஒரு வரியைச் சேருங்கள்: "இந்த நிரல் எப்போது உடையும்?"

பைனரி தேடலையே எடுத்துக்கொள்வோம்: வரிசைப்படுத்திய பட்டியலில் நடுவைப் பார்த்து, வேண்டாத பாதியைத் தள்ளிக்கொண்டே தேடும் முறை. நடு இடத்தைக் கண்டுபிடிக்க எல்லோரும் கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் கூட்டி இரண்டால் வகுப்பார்கள். ஜாவாவின் சொந்த லைப்ரரியிலேயே அப்படித்தான் இருந்தது. அது பிழை என்று 2006-இல் ஜோஷுவா பிளாக் எழுதும்வரை, ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் யார் கண்ணிலும் உறுத்தவில்லை. 32 பிட் முழு எண்ணில் அடங்கும் மிகப் பெரிய மதிப்பு 2,147,483,647. கூட்டுத்தொகை அதைத் தாண்டினால் மைனஸ் எண்ணாகிவிடும், அப்புறம் அணியில் (array) மைனஸ் இடத்தைப் போய்த் தேடும்.

இதைப் பலகையில் எழுதிக் காட்டினால் தலையாட்டுவார்கள், மறுநாள் மறந்துவிடுவார்கள். செய்து பார்க்கச் சொல்லுங்கள். ஜாவாவில் 120 கோடி பைட்டுகள் கொண்ட ஒரு அணி, சுமார் 1.2 ஜிபி ஆகும், அதனால் ஹீப் அளவை, அதாவது ஜாவா நிரலுக்கு ஒதுக்கும் நினைவகத்தை, கூட்டிக் கொடுக்க வேண்டும். எல்லா இடத்திலும் பூஜ்யம் இருக்கட்டும், அதில் 1-ஐத் தேடச் சொல்லுங்கள். முதல் மூன்று சுற்று ஒழுங்காகப் போகும். நான்காவது சுற்றில் கீழ் எல்லை 105 கோடியில் நிற்கும், மேல் எல்லை ஏறக்குறைய 120 கோடி, இரண்டையும் கூட்டினால் 225 கோடியைத் தொட்டுவிடும். நிரல் அங்கே விழும். கீழ் எல்லையோடு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தின் பாதியைக் கூட்டினால் சரியாகிவிடும் என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள், நீங்கள் சொல்ல வேண்டாம்.

அதற்குப் பிறகு வரும் கேள்விகள்தான் முக்கியம். பைத்தானில் ஏன் விழவில்லை? அங்கே முழு எண் தேவைக்கு ஏற்ப வளரும், இது எளிய பதில். சி-யில் என்ன ஆகும்? குறியுள்ள முழு எண் நிரம்பி வழிந்தால் என்ன நடக்க வேண்டும் என்று சி மொழித் தரம் எந்த உறுதியும் தருவதில்லை. நிரலைச் செயலிக்கான கட்டளைகளாக மாற்றும் கம்பைலர் தன் இஷ்டப்படி செய்யலாம். "அப்படியானால் நம் கம்பைலர் என்னதான் செய்தது என்று அது உருவாக்கிய அசெம்ப்ளி கட்டளைகளைப் பார்க்கலாமா?" என்று எப்போதும் யாராவது ஒருவர் கேட்பார். மதிப்பெண் பட்டியலில் அவர் எங்கே இருந்தாலும் சரி, பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அளக்கக் கற்றுக்கொடுங்கள்

என்னைக் கேட்டால், இளநிலை மாணவர்களை ஆய்வுக்குத் தயார்செய்ய இதைவிடப் பயனுள்ள பயிற்சி வேறில்லை. 4096-க்கு 4096 அளவுள்ள அணியில் எல்லா எண்களையும் கூட்டும் நிரலை சி-யில் எழுதச் சொல்லுங்கள்: ஒருமுறை வரிசை வரிசையாக, ஒருமுறை நெடுவரிசை நெடுவரிசையாக. கணக்கு ஒன்றுதான், விடையும் ஒன்றுதான். ஆனால் இரண்டாவது பல மடங்கு மெதுவாக ஓடும். சி-யில் அணி வரிசைப்படி நினைவகத்தில் கிடக்கிறது. பெரும்பாலான செயலிகள் கேஷுக்கு, அதாவது தங்களுக்குள் இருக்கும் சிறிய, வேகமான நினைவகத்துக்கு, 64 பைட்டுகளாக அள்ளி வருகின்றன. அது எட்டு டபுள் எண்கள் (ஒவ்வொன்றும் எட்டு பைட் தசம எண்). வரிசையாகப் போனால் எட்டும் பயன்படும். நெடுவரிசையில் போனால் ஒன்றை எடுத்துவிட்டு மற்ற ஏழையும் வீணாக்குகிறோம்.

பாடநூல் இங்கே நின்றுவிடும். நீங்கள் இன்னும் ஒரு அடி போங்கள்: அளவை 4097 ஆக்கச் சொல்லுங்கள். பல கணினிகளில், வேலை கூடியிருந்தும் நெடுவரிசை நிரலின் நேரம் குறையும். வகுப்பு குழம்பும். 4096 இரண்டின் அடுக்கு என்பதால், ஒரே நெடுவரிசையின் எண்கள் எல்லாம் கேஷில் ஒரே சில இடங்களுக்குப் போட்டியிட்டு ஒன்றையொன்று வெளியே தள்ளுகின்றன. 4097 அந்த நெரிசலைக் கலைத்துவிடுகிறது. இதை உடனே சொல்லிவிடாதீர்கள், ஒரு வாரம் விடுங்கள். அந்த ஒரு வாரத்தில் அவர்கள் சொல்லும் ஊகங்களை எல்லாம் எழுதிவைத்து, எந்த ஊகத்தை எந்தச் சோதனை பொய்யாக்கும் என்று அவர்களையே கேளுங்கள். ஆராய்ச்சி முறையியல் என்று தனியாக ஒரு பாடம் வைத்து ஸ்லைடு ஓட்டுவதைவிட இது மேல்.

அளக்கும்போது மாட்டிக்கொள்ளும் இடங்கள் சில உண்டு. கூட்டுத்தொகையை எங்கும் அச்சிடாவிட்டால், ஆப்டிமைசேஷன் (நிரலை வேகப்படுத்தும் மாற்றங்கள்) போட்ட கம்பைலர் லூப்பையே தூக்கிவிடும். நேரம் பூஜ்யம் என்று மாணவர் சந்தோஷமாக வருவார். ஒரு நிரலை முப்பது முறை ஓட்டிவிட்டு மற்றதை முப்பது முறை ஓட்டக் கூடாது, மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும். செயலி சூடேறினால் அதன் வேகமே மாறும். சராசரியை மட்டும் தந்தால் வாங்காதீர்கள், எல்லாப் புள்ளிகளையும் வரைபடத்தில் கேளுங்கள். கொஞ்சம் தேறியவர்களிடம் 2009-இல் ஆய்வாளர் மைட்கோவிச்சும் அவரோடு மூவரும் வெளியிட்ட முடிவைச் சொல்லுங்கள்: நிரலில் எதையும் தொடாமல், யூனிக்ஸ் ஒவ்வொரு நிரலுக்கும் தரும் அமைப்பு விவரங்களான சூழல் மாறிகளின் மொத்த நீளத்தை மாற்றினாலே வேகம் மாறுகிறது. ஸ்டாக் (நிரலின் தற்காலிக மதிப்புகள் இருக்கும் நினைவகம்) தொடங்கும் முகவரி நகர்ந்துவிடுகிறது, அதனால்தான். கோப்புகளை ஒரே நிரலாக இணைக்கும் (லிங்க் செய்யும்) வரிசையை மாற்றினாலும் இதே கதை. ஒரு ஆப்டிமைசேஷன் நல்லதா கெட்டதா என்ற முடிவே இதனால் தலைகீழாகலாம். இதைக் கேட்ட பிறகு "என் முறை ஐந்து சதவீதம் வேகமானது" என்று சொல்ல அவர்களுக்கே கூச்சம் வரும். வரட்டும்.

கேள்வி நோட்டு

வகுப்பில் உங்களால் பதில் சொல்ல முடியாத கேள்வி வந்தால் "தெரியவில்லை, பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு அங்கேயே நோட்டில் எழுதுங்கள். யார் கேட்டார் என்பதையும் சேர்த்து. வாரக் கடைசியில் உட்கார்ந்து பிரியுங்கள். தேடினால் கிடைக்கும் பதில்கள் அடுத்த வகுப்புக்கு. சோதனை செய்தால் தெரிந்துவிடும் என்பவை அடுத்த லேப் தாளுக்கு. தேடியும் கிடைக்காமல், சோதிப்பது எப்படி என்றும் புரியாமல் நிற்பவை மிகக் கொஞ்சம்தான் இருக்கும். அவைதான் உங்கள் சரக்கு. "இது உண்மையிலேயே சரியா?" என்று சரிபார்க்கும் கேள்விகளையும் லேசாக நினைக்காதீர்கள். டிம்சார்ட் என்ற வரிசைப்படுத்தும் முறை 2002-இல் பைத்தானுக்காக எழுதப்பட்டு, பிறகு ஜாவாவுக்கும் போனது. அது சரி என்று நிரூபிக்க உட்கார்ந்த ஒரு குழு, நிரூபிக்க முடியாமல் போய், 2015-இல் அதில் ஒளிந்திருந்த பிழையைக் கண்டுபிடித்தது.

இறுதி ஆண்டு ப்ராஜெக்ட்

"புதுமையாக ஏதாவது செய்யுங்கள்" என்று அனுப்பினால் மாணவர்கள் முகத்தை அடையாளம் காணும் வருகைப்பதிவேடு செய்து கொண்டுவருவார்கள். எத்தனையோ பார்த்தாகிவிட்டது. பதிலாக, ஏற்கெனவே வெளியான ஒரு ஆய்வுக் கட்டுரையின் ஒரே ஒரு வரைபடத்தை மறுபடி உருவாக்கச் சொல்லுங்கள். கட்டுரையைத் தேர்வது உங்கள் வேலை: நிரலும் டேட்டாவும் வெளியில் கிடைக்க வேண்டும், ஒரே கணினியில் ஓட வேண்டும், ஒரு ஓட்டம் ஒரு இரவைத் தாண்டக் கூடாது. பெரிய மொழி மாதிரிகளைப் பயிற்றுவிக்கும் கட்டுரைகள் இந்தச் சல்லடையில் தங்காது, போகட்டும்.

வாசிக்கும் முறையையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். 2007-இல் கேஷவ் எழுதிய மூன்று சுற்று முறை போதும்: முதலில் ஐந்து பத்து நிமிடத்தில் தலைப்பு, சுருக்கம், முன்னுரை, உள்தலைப்புகள், முடிவுரை. அடுத்து ஒரு மணி நேரத்துக்குள் வரைபடங்களோடு சேர்த்து உள்ளடக்கம். தேவைப்படுவதை மட்டும் மூன்றாவது சுற்றில், நாமே அந்தக் கட்டுரையை எழுதுவதுபோல நினைத்துக்கொண்டு. மாணவர்கள் நேராக மூன்றாவது சுற்றில் குதித்து, இரண்டாம் பக்கத்தில் மூச்சுத்திணறி நின்றுவிடுகிறார்கள்.

வரைபடம் ஒத்துவராவிட்டால் உடனே கொண்டாட வேண்டாம். பத்தில் ஒன்பது முறை மாணவரின் லைப்ரரி வெர்ஷன்தான் காரணமாக இருக்கும். எல்லாம் சரிபார்த்த பிறகும் ஒத்துவரவில்லை என்றால், கட்டுரை ஆசிரியர்களுக்கு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலும் பதில் வரும்.

மாணவர் நிரலை எழுதினாரா, ஏஐ எழுதிக் கொடுத்ததா என்று துப்பறிவதில் எனக்கு ஆர்வமில்லை. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியதைக் கண்டுபிடிக்க 1994-இலிருந்தே மாஸ் என்ற கருவி இருக்கிறது. ஏஐ எழுதிய நிரலுக்கு அது உதவாது. நான் செய்வது இதுதான்: ஒவ்வொருவரையும் ஐந்து நிமிடம் தனியாக உட்காரவைத்து, அவர் நிரலில் ஒரு வரியை மாற்றி, இப்போது என்ன வரும் என்று கேட்பேன். தெரிந்தால் மதிப்பெண், தெரியாவிட்டால் இல்லை.

பெயரும் அனுப்புவதும்

கட்டுரை எழுதும் கட்டத்துக்கு வந்துவிட்டால், யார் பெயர் எந்த இடத்தில் வரும் என்பதை வேலை தொடங்கும் முன்பே பேசி, மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள். முக்கால்வாசி வேலை மாணவருடையது என்றால் முதல் பெயர் அவருடையது. பதவி உயர்வுக் கணக்கைப் பார்த்து இதை மாற்றும் துறைகள் இருக்கின்றன, நீங்கள் செய்யாதீர்கள். மாணவர்களின் மதிப்பெண்ணையோ வகுப்பில் நடப்பதையோ தரவாக எடுப்பதாக இருந்தால் முதலில் நெறிமுறைக் குழுவிடம் அனுமதி வாங்குங்கள். பின்னால் வாங்க முடியாது.

நம் துறையில் ஜர்னலுக்கு நிகராகக் கான்ஃபரன்ஸ் கட்டுரைக்கும் மதிப்பு உண்டு, ஆனால் கடைசித் தேதி கறாரானது. முதன்முறை எழுதும் மாணவரோடு பெரிய கான்ஃபரன்ஸைவிட அதோடு சேர்ந்து நடக்கும் ஒர்க்‌ஷாப்பைக் குறிவையுங்கள். நிராகரிப்பு வரும். வந்ததும் 2014-இல் இயந்திரக் கற்றல் துறையின் பெரிய கான்ஃபரன்ஸான நியூரிப்ஸ் நடத்திய சோதனையை மாணவரிடம் சொல்லுங்கள்: 166 கட்டுரைகளை இரண்டு தனித்தனிக் குழுக்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள், சுமார் நான்கில் ஒரு கட்டுரைக்கு இரண்டு குழுக்களும் எதிரெதிர் முடிவு சொல்லின. பிறகு மதிப்பீட்டாளர்களின் கருத்துகளை இருவரும் சேர்ந்து படியுங்கள். "புரியவில்லை" என்று எழுதியிருந்தால் அந்தப் பத்தியைத் திருத்துங்கள், "புதுமை இல்லை" என்று எழுதியிருந்தால் முன்னுரையைத் திருத்துங்கள், சோதனையில் குறை சொல்லியிருந்தால் மறுபடி லேபுக்குப் போங்கள். மாணவர் படிப்பை முடித்துப் போவதற்குள் அடுத்த இடத்துக்கு அனுப்பிவிட வேண்டும். போன பிறகு அவரைப் பிடித்து உட்காரவைப்பது நடக்காத காரியம்.