நிறமாலை எடுக்கும் இரவுக்கு பகலிலேயே திட்டம் போடுவது எப்படி

தொலைநோக்கியில் ஒரு இரவு ஒதுக்கிவிட்டார்கள், ஒளியை நிறங்களாகப் பிரித்துப் பதியும் ஸ்பெக்ட்ரோகிராஃப் மாட்டியாகிவிட்டது, பார்க்க வேண்டிய நட்சத்திரங்களின் பட்டியலும் கையில் இருக்கிறது. பாதி வேலை முடிந்த மாதிரி தோன்றும், ஆனால் எதை எப்போது, எவ்வளவு நேரம், எந்த வரிசையில் என்பது இன்னும் பாக்கி இருக்கிறது. அதை பகலில் உட்கார்ந்து முடிவு செய்துவிடுங்கள். விடியற்காலை மூன்று மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் போடுகிற கணக்கு பெரும்பாலும் தப்பாகத்தான் போகும்.

முதலில் இரவின் நீளம். சூரியன் அடிவானத்துக்கு 18 டிகிரி கீழே இறங்கினால்தான் முழு இருட்டு. ஆனால் பிரகாசமான நட்சத்திரங்களுக்கு அதுவரை காத்திருக்கத் தேவையில்லை, 12 டிகிரியிலேயே ஆரம்பிக்கலாம். ஃபோகஸ் பார்ப்பது, முதல் ஸ்டாண்டர்ட் நட்சத்திரத்தை (பிரகாசம் துல்லியமாகத் தெரிந்த, ஒப்பிட உதவும் நட்சத்திரம்) எடுப்பது எல்லாம் அந்த அந்தி நேரத்துக்குள் முடிந்துவிட்டால் நல்ல இருட்டு முழுவதும் மங்கலான பொருள்களுக்கு மிச்சமாகும்.

அடுத்தது எது எப்போது உச்சிக்கு வரும் என்பது. உள்ளூர் நட்சத்திர நேரம் (நட்சத்திரங்களை வைத்துக் கணக்கிடும் நேரம்) ஒரு பொருளின் ஆர்.ஏ. மதிப்பைத் (வானத்தில் கிழக்கு-மேற்காக அதன் இடத்தை மணிகளில் சொல்லும் ஆயம்) தொடும்போது அது உச்சிவட்டத்தை, அதாவது வடக்கிலிருந்து தலைக்கு மேலாகத் தெற்குக்குப் போகும் கோட்டைக் கடக்கிறது, இந்த ஒரு விதி போதும். மார்ச் 21 வாக்கில் நள்ளிரவில் நட்சத்திர நேரம் சுமார் 12 மணி, செப்டம்பர் கடைசியில் சுமார் 0 மணி, நாளுக்கு ஏறக்குறைய 4 நிமிடம் முன்னேறும். 1866-லும் 1946-லும் வெடித்த டி கொரோனே பொரியாலிஸ் நோவாவை எடுத்துக்கொள்ளுங்கள், அதன் ஆர்.ஏ. கிட்டத்தட்ட 16 மணி. மார்ச் மூன்றாவது வாரத்தில் அது உச்சிக்கு வரும்போது விடியற்காலை நான்கு ஆகிவிடும், அதையே மே மூன்றாவது வாரத்தில் பார்த்தால் நள்ளிரவிலேயே உச்சியில் நிற்கும். கடிகார நேரம் உங்கள் நேர மண்டலத்தைப் பொறுத்து கொஞ்சம் முன்பின் ஆகலாம். துல்லியமாக வேண்டுமென்றால் ஸ்டார்ஆல்ட் மாதிரி ஒரு கருவியில் பட்டியலைக் கொடுத்தால் உயரம் எப்படி மாறுகிறது என்று கோடு வரைந்து காட்டிவிடும்.

அந்தக் கோடுகளைப் பார்த்து வரிசை போடும்போது மேற்கே இறங்கிக்கொண்டிருப்பவற்றை முதலில் எடுங்கள், கிழக்கே ஏறுகிறவை எப்படியும் நம்மிடம் வரும். 30 டிகிரி உயரத்தில் ஏர்மாஸ் 2, அதாவது உச்சியில் இருப்பதைவிட இரண்டு மடங்கு காற்று வழியாக ஒளி வருகிறது, அதற்குக் கீழே வேறு வழியே இல்லையென்றால் மட்டும் போங்கள். நேர் உச்சியும் எல்லாத் தொலைநோக்கிக்கும் ஒத்துவராது: மேலும் கீழும், பக்கவாட்டிலும் திரும்பும் ஆல்ட்-அஸிமத் வகை என்றால் தலைக்கு நேர் மேலே ஒரு சின்ன வட்டத்துக்குள் அதனால் பின்தொடர முடியாது.

இப்போது நேரக் கணக்கு, பெரும்பாலான திட்டங்கள் கவிழ்வது இங்கேதான். 20 நிமிட எக்ஸ்போஷருக்கு 20 நிமிடம் என்று எழுதிவிடுகிறோம். தொலைநோக்கி திரும்ப வேண்டும், புலத்தை அடையாளம் காண வேண்டும், பொருளை ஸ்லிட்டில் (ஒளி உள்ளே போகும் குறுகிய பிளவு) உட்கார வைக்க வேண்டும், வழிகாட்டி நட்சத்திரத்தைப் பிடிக்க வேண்டும், விளக்கு நிறமாலை (அலைநீளம் தெரிந்த கோடுகளைத் தரும் விளக்கின் நிறமாலை) ஒன்று எடுக்க வேண்டும், ஒளியைப் பதியும் சிசிடி சில்லு படித்து முடிக்க வேண்டும். ஒரு பொருளுக்கு இதற்கே 10 நிமிடம் சுலபமாகப் போய்விடும், மங்கலான பொருள் என்றால் இன்னும் கூடுதல். ஆகவே பன்னிரண்டு பொருள் கொண்ட இரவில் இரண்டு மணி நேரம் நிறமாலையே இல்லாமல் கழிகிறது. அதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு பட்டியலைச் சுருக்கினால் பின்னிரவில் திண்டாட வேண்டியதில்லை.

எக்ஸ்போஷர் நேரத்தை எப்படிக் கணக்கிடுவது? பிரகாசமான பொருளில் சிக்னல்-நாய்ஸ் விகிதம் என்பது சேர்ந்த ஃபோட்டான்களின் வர்க்கமூலம், 100 வேண்டுமென்றால் 10,000 ஃபோட்டான், 200 வேண்டுமென்றால் 40,000. இரண்டு மடங்கு தரத்துக்கு நான்கு மடங்கு நேரம். அந்த 40,000-த்தை ஒரே ஃபிரேமில் சேர்க்கப் போனால் பல டிடெக்டர்களில் உச்ச வரம்புக்குப் பக்கத்தில் போய்விடுவீர்கள், எனவே பிரித்து எடுங்கள். பிரிக்க இன்னொரு காரணமும் உண்டு: நீண்ட எக்ஸ்போஷரில் காஸ்மிக் கதிர்கள் விழுந்துகொண்டே இருக்கும், ஒரு மணி நேரத்தை மூன்று 20 நிமிடமாக எடுத்தால் மூன்றையும் ஒப்பிட்டு அந்தப் புள்ளிகளை நீக்கிவிடலாம். அதற்காக இருபது துண்டாக நறுக்கினால் ஒவ்வொரு ஃபிரேமிலும் ரீட் நாய்ஸ் (சிசிடி-யைப் படிக்கும்போது சேரும் இரைச்சல்) சேர்ந்து மங்கலான பொருளைக் கெடுத்துவிடும்.

ஸ்லிட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லியாக வேண்டும். அகலத்தை சீயிங்குக்கு (காற்றின் அலைக்கழிப்பால் நட்சத்திர பிம்பம் எவ்வளவு பரவுகிறது என்பது) தகுந்த மாதிரி வையுங்கள். குறுக்கினால் பகுதிறன் (நெருங்கிய கோடுகளைப் பிரித்துக் காட்டும் திறன்) கூடும், ஒளி குறையும். அதைவிட அதிகம் கவனிக்கப்படாதது ஸ்லிட் எந்தத் திசையில் நிற்கிறது என்பது. வளிமண்டலம் நீல ஒளியை சிவப்பைவிட அதிகமாக வளைக்கிறது, அதனால் தாழ்வாக இருக்கும் நட்சத்திரத்தின் பிம்பமே ஒரு குட்டி நிறமாலையாக, அடிவானத்துக்குச் செங்குத்தான திசையில் இழுபட்டிருக்கும். ஏர்மாஸ் 2-ல் 4000 ஆங்ஸ்ட்ராம் (அலைநீள அலகு) நீல ஒளிக்கும் 6500 ஆங்ஸ்ட்ராம் சிவப்பு ஒளிக்கும் இடையே ஒன்றரை ஆர்க்செகண்டுக்கு (ஒரு டிகிரியில் 3600-ல் ஒரு பங்கு ஒரு ஆர்க்செகண்ட்) மேல் விலகல் இருக்கும். உங்கள் ஸ்லிட்டின் அகலமே ஒன்றரை ஆர்க்செகண்ட், அது அந்த இழுப்புக்குக் குறுக்கே நிற்கிறது என்றால் என்ன ஆகும்? வழிகாட்டும் கேமரா சிவப்பில் பார்த்து சிவப்பை நடுவில் வைக்கும், நீலத்தில் பெரும்பகுதி ஸ்லிட்டுக்கு வெளியே விழுந்துவிடும். காலையில் நிறமாலையைத் திறந்து பார்த்தால் நட்சத்திரம் உண்மையில் இருப்பதைவிடக் குளிர்ந்ததாகத் தெரியும், எந்த மென்பொருளாலும் அதைச் சரிசெய்ய முடியாது, ஏனென்றால் அந்த ஒளி உள்ளேயே வரவில்லை.

மருந்து சுலபம்: ஸ்லிட்டை பாராலாக்டிக் கோணத்தில், அதாவது அந்த இழுப்பின் திசையிலேயே வைத்துவிட்டால் இழுபட்ட பிம்பம் முழுவதும் ஸ்லிட்டின் நீளவாக்கில் விழும். இந்தக் கோணம் நேரத்தோடு மாறும் என்பதால் எக்ஸ்போஷரின் நடுநேரத்துக்குக் கணக்கிட்டு, ஒவ்வொரு பொருளுக்கும் பட்டியலில் பகலிலேயே எழுதி வைத்துவிடுங்கள். கருவியில் வளிமண்டலச் சிதறல் திருத்தி இருந்தால் இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. பக்கத்தில் இருக்கும் துணை நட்சத்திரத்தையும் சேர்த்து ஸ்லிட்டில் பிடிக்க வேண்டும் என்கிற மாதிரி கட்டாயம் இருந்தால் கோணம் கைவிட்டுப் போகும், அப்போது அந்தப் பொருளை உச்சிவட்டத்துக்குப் பக்கத்தில், ஏர்மாஸ் குறைவாக இருக்கும்போது எடுப்பதுதான் வழி.

சரி, அளவீட்டு ஃபிரேம்கள். பயாஸும் (ஒளி விழாமல் எடுக்கும் பூஜ்ய நேர ஃபிரேம்) ஃபிளாட்டும் (சீரான ஒளியில் எடுக்கும் ஃபிரேம்) மதியமே எடுத்துவிடலாம். விளக்கு நிறமாலையை மட்டும் அப்படித் தள்ளி வைக்காதீர்கள். தொலைநோக்கியின் பின்புறம் தொங்கும் ஸ்பெக்ட்ரோகிராஃப் திசை மாறும்போது லேசாக வளையும், சாயங்காலம் எடுத்த இரும்பு-ஆர்கான் கோடுகள் நள்ளிரவில் ஒரு பிக்ஸலோ அரை பிக்ஸலோ நகர்ந்திருக்கும். ஆரத்திசைவேகம் (பொருள் நம்மை நோக்கியோ விலகியோ போகும் வேகம்) அளக்கிறீர்கள் என்றால் பொருளுக்கு முன்பும் பின்பும் ஒவ்வொன்று, தொலைநோக்கியை நகர்த்தாமல். ஒப்பிட்டுப் பார்க்க வானமே ஒரு கோடு தருகிறது: 5577 ஆங்ஸ்ட்ராமில் இருக்கும் ஆக்ஸிஜன் கோடு எல்லா நீண்ட எக்ஸ்போஷரிலும் வரும், அது நகர்ந்திருந்தால் உங்கள் அளவீடும் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஃப்ளக்ஸை (வந்து சேரும் ஒளியின் அளவு) ஒப்பிட்டு அளக்க உதவும் ஸ்டாண்டர்டுகள் இரவுக்குக் குறைந்தது இரண்டு வேண்டும், வெவ்வேறு ஏர்மாஸில். ஃபைகே 34, ஜி191-பி2பி, பிடி+28 4211, ஃபைகே 110 எல்லாம் வழக்கமானவை, அந்த மாதத்தில் எது மேலே இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். 6870, 7600 ஆங்ஸ்ட்ராம் பக்கம் பூமியின் ஆக்ஸிஜன் உண்டாக்கும் பட்டைகளுக்கு நடுவே உங்களுக்கு வேலை இருந்தால், பொருளுக்குப் பக்கத்திலேயே ஒரு சூடான நட்சத்திரத்தையும் அதே ஏர்மாஸில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒளியைப் பிரிக்கும் கிரேட்டிங், அது ஒரே ஒளியைப் பல படிகளாகத் திரும்பத் திரும்பப் பரப்பும்: 3500 ஆங்ஸ்ட்ராம் ஒளியின் இரண்டாம் படி 7000-த்தின் மேலேயே வந்து விழும், சிவப்புப் பக்கம் போகிறவர்கள் தடுப்பு வடிகட்டி போட்டிருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

நிலா நீலத்தை அதிகம் கெடுக்கும், சிவப்பை அவ்வளவாக இல்லை, மங்கலான பொருளாக இருந்தால் அதைவிட்டு 30 டிகிரியாவது தள்ளி இருங்கள்.

கண்டறியும் படம் ஒவ்வொரு பொருளுக்கும் வேண்டும், அலாடின் என்கிற வான வரைபட மென்பொருளில் எடுத்து, வடக்கு எது கிழக்கு எது என்று குறித்து, ஸ்லிட் கேமராவின் புல அளவுக்கே வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். வேகமாக நகரும் நட்சத்திரங்களுக்கு 2000-ஆம் ஆண்டு ஆயங்களை அப்படியே போட்டுவிடாதீர்கள். பர்னார்ட் நட்சத்திரம் ஆண்டுக்கு 10 ஆர்க்செகண்டுக்கு மேல் நகர்கிறது, இந்த இடைவெளியில் நான்கு ஆர்க்நிமிடம் தாண்டிவிட்டது, பல ஸ்லிட் கேமராக்களில் புலத்துக்குள்ளேயே இருக்காது.

மாற்றுத் திட்டம் ஒன்றையும் அதே தாளில் எழுதுங்கள். மெல்லிய மேகம் வந்தால் ஃப்ளக்ஸ் போச்சு, ஆனால் கோடுகளின் வடிவமும் திசைவேகமும் போகாது. காமா காசியோபியா மாதிரி ஹெச்-ஆல்ஃபா கோடு (ஹைட்ரஜனின் சிவப்புக் கோடு) பிரகாசமாக இருக்கும் பிஇ நட்சத்திரங்கள் (சுற்றிலும் வாயு வட்டு உள்ள சூடான நட்சத்திரங்கள்) சிலவற்றை எப்போதும் பட்டியலின் அடியில் வைத்திருங்கள், சீயிங் மோசமான இரவிலும் அவை கை கொடுக்கும்.

லாக் எழுதும்போது ஃபைல் எண், பொருள், நேரம், ஏர்மாஸ், ஸ்லிட் கோணம், எந்த விளக்கு, வானம் எப்படி என்று எல்லாவற்றையும் குறியுங்கள். ஃபைலில் தானாகப் பதிவாகும் ஹெடர் குறிப்பை மட்டும் நம்ப வேண்டாம், பொருளின் பெயரை மாற்ற மறந்துவிட்டால் மூன்று நட்சத்திரங்கள் ஒரே பெயரில் வந்து நிற்கும். விடிந்ததும் டேட்டாவை இரண்டு இடத்தில் காப்பி எடுங்கள், லாகில் இருக்கும் கடைசி எண்ணும் டிஸ்க்கில் இருக்கும் கடைசி எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் தூங்கப் போங்கள்.