மின்னணுக் கழிவு மறுசுழற்சித் தொழிலுக்குப் பதிவு பெறும் வழி

பழைய கணினி, டிவி, செல்போன்களை வாங்கி, உடைத்து, உலோகம் பிரித்து விற்கும் தொழிலை 2023 ஏப்ரல் 1 முதல் ஒழுங்குபடுத்துவது மின்னணுக் கழிவு (மேலாண்மை) விதிகள், 2022. குறு நிறுவனங்களுக்கு இவ்விதிகளில் விலக்கு உண்டு என்றாலும், அதை நம்பிப் பட்டறை தொடங்குவது சரியல்ல. பதிவு பெற்ற நிறுவனம் பதிவற்ற மறுசுழற்சியாளருடன் வணிகம் செய்யக் கூடாது என்பதால், நல்ல சரக்கு உங்களிடம் வந்து சேராது.

முதலில் இடத்தை உறுதி செய்யுங்கள். தண்ணீர்ச் சட்டம் (1974), காற்றுச் சட்டம் (1981) ஆகியவற்றின்கீழ், கட்டடம் எழுப்பும் முன் நிறுவுவதற்கான இசைவாணையையும், வேலை தொடங்கும் முன் இயக்குவதற்கான இசைவாணையையும் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் பெற வேண்டும். அபாயகரக் கழிவுகளைக் கையாளத் தனி அங்கீகாரமும் தேவை. இவை கைக்கு வந்த பிறகு, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் மறுசுழற்சியாளராகப் பதிவு செய்ய விண்ணப்பியுங்கள். இயந்திரங்களின் உண்மையான திறனையே அதில் குறிப்பிடுங்கள். பின்னாளில் தணிக்கைக்கு வருபவர்கள் அந்த எண்ணைத்தான் உங்கள் மின்கட்டண ரசீதோடும் எடைச்சீட்டோடும் ஒப்பிடுவார்கள்.

பதிவு கிடைத்த பின் தொழிலைக் காப்பது பதிவேடுதான். ஒரு லாரி சரக்கு இறங்கினால், யாரிடமிருந்து வந்தது, மானிட்டர் எவ்வளவு, சிபியு எவ்வளவு, வயர் எவ்வளவு என்று தனித்தனியாக எடைபோட்டு அன்றே எழுதிவிட வேண்டும். லேப்டாப், செல்போன்களிலிருந்து கழற்றிய பேட்டரிகளுக்கு வேறு விதிகள் (பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், 2022) இருப்பதால், அவற்றைத் தனியாக வைத்துப் பேட்டரி மறுசுழற்சியாளரிடம் அனுப்புங்கள். பழைய பிக்சர் டியூப் டிவியின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. அதை உடைத்துக் குப்பையில் கொட்டுவதும், செம்புக்காக வயரை எரிப்பதும், தங்கத்துக்காகப் போர்டுகளை அமிலத்தில் ஊறவைப்பதும் முதலில் உங்கள் தொழிலாளர்களின் உடலைத்தான் கெடுக்கும். வயரை உரிக்க இயந்திரம் இருக்கிறது. உங்களிடம் வசதி இல்லாத போர்டுகளை, வசதியுள்ள பதிவு பெற்றவரிடம் அனுப்பலாம். எஞ்சும் கழிவு, கும்மிடிப்பூண்டியில் உள்ளது போன்ற, அபாயகரக் கழிவை அகற்றும் அங்கீகரிக்கப்பட்ட மையத்துக்கே போக வேண்டும். சரக்கை 180 நாட்களுக்கு மேல் தேக்கி வைக்கக் கூடாது.

வருமானத்தின் ஒரு பகுதி சான்றிதழிலிருந்து வருகிறது. மீட்ட தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு ஆகியவற்றின் அளவுக்கேற்ப இணையதளத்தில் சான்றிதழ் உருவாகும். முன்பு விற்ற பொருள்களின் எடையில் குறிப்பிட்ட பங்கு மறுசுழற்சியாக வேண்டும் என்ற தங்கள் இலக்கை நிறைவேற்ற உற்பத்தியாளர்கள் அதை வாங்குவார்கள். அந்த இலக்கு 2023-24இல் 60 சதவீதமாக இருந்தது. 2025-26இல் 70 ஆகவும், 2027-28இல் 80 ஆகவும் உயர்வதால் தேவை கூடும். சான்றிதழ், அது உருவான நிதியாண்டின் முடிவிலிருந்து இரண்டு ஆண்டுகள் செல்லும்.

காயலான் கடை நடத்துபவர்கள் பயப்பட வேண்டியதில்லை. சேகரிப்பதற்கென்று இவ்விதிகளில் தனிப் பதிவு கிடையாது. வாங்கியதை உடைக்காமல் முழுதாகப் பதிவு பெற்றவரிடம் எடைச்சீட்டோடு விற்றாலே போதும்.

காலாண்டு அறிக்கையை, காலாண்டு முடிந்த அடுத்த மாத இறுதிக்குள் இணையதளத்தில் பதிவேற்றுங்கள். பொய்த் தகவல் கொடுத்துச் சான்றிதழ் பெற்றது தெரிந்தால், பதிவு மூன்றாண்டு வரை ரத்தாகலாம். சுற்றுச்சூழல் இழப்பீடும் கட்ட நேரிடும்.