ஒரே கலிபரில் இரண்டாவது றைபிள்: ஒன்ராறியோவில் வேட்டையைத் தொடங்கும் தமிழர்களுக்கு

வன்னியில் வளர்ந்த ஒருவருக்கு இடியன் துவக்கு எனும் நாட்டுத் துப்பாக்கியும் மரை மானின் இறைச்சி வத்தலும் புதியவை அல்ல. தமிழ்நாட்டிலிருந்து வருபவருக்கோ, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்பது தாத்தா சொன்ன கதையாகவே மிஞ்சியிருக்கும். இருவருமே கனடாவுக்கு வந்த சில ஆண்டுகளில், வேலைத்தளத்து நண்பர் ஒருவர் குளிர்பெட்டியில் இருந்து எடுத்துத் தரும் மூஸ் எனும் பெரிய மானின் இறைச்சியின் வழியாக, இங்கே வேட்டை சட்டத்துக்கு உட்பட்ட, சாதாரண மனிதர்களின் இலையுதிர்காலப் பழக்கம் என்பதை அறிந்துகொள்கிறார்கள். முதல் றைபிளை எப்படி வாங்குவது என்று சொல்ல இங்கே பலர் இருக்கிறார்கள். இரண்டாவதையும் மூன்றாவதையும் வாங்கும்போது என்ன செய்வது என்பதைப் பற்றி எவரும் பேசுவதில்லை என்பதால் இதை எழுதுகிறேன். என் கருத்து எளிமையானது: முதல் றைபிள் எந்தக் கலிபரோ, அதாவது எந்த வகை ரவையை (தோட்டாவை) சுடுமோ, அடுத்ததையும் அதே கலிபரில் வாங்குங்கள். ஆனால் கலிபர் ஒன்றானால் துவக்குகளும் ஒன்றே என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

உரிமம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கனடிய துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்து, எழுத்துத் தேர்விலும் செய்முறைத் தேர்விலும் தலா 80 வீதம் பெற்ற பிறகே பிஏஎல் எனப்படும் துப்பாக்கி உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். முதன்முறை விண்ணப்பிப்பவருக்குக் குறைந்தது 28 நாள் காத்திருப்பு உண்டு. நடைமுறையில் அதைவிட அதிகம் ஆகும். உங்களை நெடுநாள் அறிந்த இருவர் சான்றளிக்க வேண்டும் என்பதால், வந்திறங்கிய முதல் ஆண்டிலேயே விண்ணப்பிப்பவர்கள் இந்த இடத்தில் தடுமாறுகிறார்கள். வாழ்க்கைத் துணைக்கும் தகவல் போகும். அவரிடம் முன்கூட்டியே பேசிவிடுவது வீட்டு அமைதிக்கும் நல்லது. வேட்டைக்கு ஒன்ராறியோவின் வேட்டைக் கல்வித் தேர்வும் அவுட்டோர்ஸ் கார்ட் எனப்படும் மாகாண அட்டையும் தனியாகத் தேவை. உரிமம் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். முகவரி மாறினால் 30 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும் என்பதை, நிலவறையிலிருந்து நிலவறைக்கு மாறிக்கொண்டே இருக்கும் புதியவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

இந்தியாவில் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. கனடாவில் சாதாரண வேட்டைத் துவக்குகளுக்கு அப்படி எண்ணிக்கை வரம்பு இல்லை. 2012இல் நீண்ட துவக்குகளின் கூட்டாட்சிப் பதிவேடும் நீக்கப்பட்டது. கியூபெக்கில் மட்டும் மாகாணப் பதிவு உண்டு. ஆயினும் 2022 மே மாதத்திலிருந்து, விற்பவர் உங்கள் உரிமம் செல்லுபடியாகிறதா என்று சரிபார்த்த பின்பே துவக்கைக் கைமாற்ற முடியும். 2020 மே மாதத்தில் தொடங்கிய தடைப்பட்டியல் 2024 டிசம்பரிலும் 2025 மார்ச்சிலும் நீண்டிருப்பதால், அரைத் தானியங்கி வகைகளைத் தவிர்த்து, ரவை அறையை மூடும் போல்ட்டைக் கையால் இழுத்துச் சுடும் றைபிளையே புதியவர் நாடுவது புத்திசாலித்தனம். அதையும் வாங்குமுன் அதன் வகைப்பாட்டைப் பொலிஸ் பட்டியலில் பார்த்துவிடுங்கள்.

எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை என்பதற்காக எதற்கு இரண்டாவது? காரணங்கள் உண்மையிலேயே உண்டு. வடக்கு ஒன்ராறியோவின் ஹேர்ஸ்ட் பக்கம் மூஸ் வேட்டைக்குப் போகிறவர் ரொறன்ரோவிலிருந்து ஒரு பகல் முழுதும் வண்டி ஓட்டிப் போகிறார். அங்கே முதல் நாளே வழுக்கி விழுந்து, குறி பார்க்கும் ஸ்கோப் அடிபட்டால், மாற்றுத் துவக்கு இல்லாதவருக்கு அந்த ஆண்டின் வேட்டை அத்துடன் முடிந்தது. மூஸ் அனுமதிக்காகப் பல ஆண்டுகள் புள்ளி சேர்த்தவருக்கு அந்த இழப்பின் கனம் தெரியும். அடர்ந்த காட்டில் 18 அங்குலக் குழல் கைக்கு அடக்கமாக இருக்கும். மின்கம்பிப் பாதை போன்ற திறந்த வெளியில் 22 அங்குலக் குழலும் நல்ல ஸ்கோப்பும் உதவும். நவம்பர் மழையில், தோளில் ஊன்றும் மரப் பிடங்கு ஊதிக்கொள்ளும் என்பதால் துருப்பிடிக்காத எஃகும் பிளாஸ்டிக் பிடங்கும் கொண்ட ஒன்றைச் சிலர் தனியே வைத்திருப்பார்கள். உயரம் குறைந்த மனைவிக்கோ வளரும் பிள்ளைக்கோ நீளம் குறைந்த பிடங்கு வேண்டும்.

இவை எல்லாவற்றையும் ஒரே கலிபரில் வைத்துக்கொள்வதன் முதல் நன்மை பாதுகாப்பு. முகாமில் தகப்பனுக்கு .308 வின்செஸ்டர், உதை குறைவு என்று மகனுக்கு .243 வின்செஸ்டர் என வாங்குவது இங்கே மிகச் சாதாரணம். .243இன் கோது, அதாவது வெடிமருந்தைத் தாங்கும் பித்தளைக் கூடு, .308இன் கோதிலிருந்தே பிறந்தது. கழுத்து மட்டும் ஒடுக்கப்பட்டது. ஆகவே விடியற்காலை இருட்டில், விறைத்த விரல்களால் மகனின் ரவையைத் தகப்பனின் றைபிளில் போட்டால் அது உள்ளே போகும், போல்ட்டும் மூடும். விசையை அழுத்தினால் ஒடுங்கிய சன்னம் (பாய்ந்து செல்லும் குண்டு) அகலமான குழலில் பிடிமானமின்றிப் போக, கோது வீங்கிப் பிளக்கலாம். .308 ரவையை .30-06 அறையில் போட்டாலும் இதே கதைதான்: இரண்டின் சன்னமும் ஒரே விட்டம், ஆனால் ஒன்றின் கோது 51 மில்லிமீற்றர், மற்றதன் கோது 63 மில்லிமீற்றர். முகாமில் ஒரே கலிபர் மட்டுமே இருந்தால் இந்தத் தவறு நடக்க வழியே இல்லை. மகனுக்கு உதை குறைவாக வேண்டுமென்றால், .308இலேயே 125 கிரெயின் எடைச் சன்னம் கொண்ட, மென்மையாகச் சுடும் ரவைகள் கிடைக்கின்றன.

நம் ஊர்களில் பொலிஸ்காரரின் தோளில் தொங்கிய ‘திரீ நாட் திரீ’யை எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த .303 லீ-என்ஃபீல்ட் இங்கே தாத்தாக்களின் மூஸ் றைபிள். தொலைதூரப் பகுதிகளில் ரோந்து செல்லும் கனடிய றேஞ்சர் படையினர் கூட .308 வின்செஸ்டரில் அமைந்த சி19 றைபிளுக்கு மாறும்வரை அதையே சுமந்தார்கள். பழைய சந்தையில் அதைப் பார்த்ததும் மனம் இளகி வாங்கத் துடிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: இந்தியாவின் இஷாப்பூரில் செய்யப்பட்ட, தோற்றத்தில் அச்சாக அதேபோல இருக்கும் 2ஏ வகை, .303 அல்ல, அது 7.62 நேட்டோ ரவைக்கானது. துவக்கின் முகத்தைப் பார்த்துக் கலிபரை ஊகிக்காமல், குழலில் வெட்டப்பட்டிருக்கும் எழுத்தை வாசிக்க வேண்டும்.

இரண்டாவது நன்மை கடையில் தெரியும். வடக்கில் ஒரு சிற்றூர்க் கடையில் .308, .30-06, .30-30 போன்றவை பெரும்பாலும் இருக்கும். புதுப் பாணிக் கலிபர்கள் இருக்குமென்று உறுதியில்லை. ரவை வாங்கவும் இங்கே உரிமத்தைக் காட்ட வேண்டும் என்பதால், ஒரே வகையைச் சற்றுச் சேர்த்து வாங்கி வைப்பதே வசதி. இதன் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. பெருந்தொற்றுக் காலத்தில் ரவைத் தட்டுகள் காலியானபோது, ஒரே கலிபரை நம்பியிருந்தவர்களின் எல்லாத் துவக்குகளும் ஒரே நாளில் பட்டினி கிடந்தன. இரு பருவங்களுக்குப் போதுமான ரவை வீட்டில் இருந்தால் அந்த அச்சம் வேண்டாம்.

இனித் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் பகுதிக்கு வருகிறேன். ஒரே தொழிற்சாலையில் அடுத்தடுத்துச் செய்யப்பட்ட இரண்டு .308 றைபிள்கள், ஒரே பெட்டி ரவையை 100 மீற்றரில் வேறு வேறு இடத்தில் பாய்ச்சும். ஒன்றுக்கு 150 கிரெயின் பிடிக்கும், மற்றதற்கு 165 கிரெயின் பிடிக்கும். ஏன் என்று கேட்டால் துப்பாக்கித் தொழிலாளியும் தோளைத்தான் குலுக்குவார். குழல் ஓர் அங்குலம் குறைந்தால் சன்னத்தின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 20 முதல் 25 அடி குறையும் என்பதால், 18 அங்குலக் காட்டுத் துவக்கு 22 அங்குலத் துவக்கை விட வினாடிக்கு நூறு அடி வரை பின்தங்கும். ஆகவே ஒவ்வொன்றையும் வேட்டைக்கு எடுத்துச் செல்லப் போகும் அதே ரவையால் தனித்தனியே குறி திருத்தி, எந்த ரவை, எந்தத் தூரம், எந்தத் தேதி என்பதை ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பிடங்கில் ஒட்டிவிட வேண்டும். மாற்றுத் துவக்கு என்று கொண்டுபோய்க் குறி திருத்தாமல் சுடுவது, காயப்பட்ட விலங்கை இருட்டில் தேடுவதில்தான் முடியும்.

ரவையைத் தானே நிரப்புபவர்களுக்கு இது இன்னும் கூர்மையான விடயம். சுட்ட கோது அந்தத் துவக்கின் அறைக்கேற்ப விரிந்திருக்கும். கழுத்தை மட்டும் சீர்செய்து மீண்டும் நிரப்பினால் அது அந்தத் துவக்குக்கே உரியது. அதே கலிபரிலுள்ள மற்றத் துவக்கில் போல்ட் மூட மறுக்கலாம். இரண்டுக்கும் பொதுவாக நிரப்புகிறவர் கோதை முழுமையாக அளவுக்குக் கொண்டுவர வேண்டும், அல்லது பெட்டிகளுக்கு வண்ண நாடா ஒட்டிப் பிரித்து வைக்க வேண்டும்.

போல்ட்டைப் பற்றி நானே தலைகுனிந்து கற்ற பாடம் ஒன்று உண்டு. ஒரே மாதிரியான இரண்டு றைபிள்களை மேசையில் பரப்பித் துடைத்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி வந்தது. திரும்பி வந்து போல்ட்டுகளை மாற்றிப் போட்டுவிட்டேன். இரண்டும் அழகாகப் பொருந்தின. தொடர் எண்ணைத் தற்செயலாகப் பார்த்த நண்பர்தான் கண்டுபிடித்தார். போல்ட்டின் முகத்துக்கும் ரவை அறைக்கும் இடையிலான இடைவெளி ஒவ்வொரு துவக்குக்கும் தனியாகச் சரிபார்க்கப்பட்டது. அது கூடினால் கோது பின்புறம் அறுந்து வாயு முகத்தில் அடிக்கலாம். பழைய லீ-என்ஃபீல்ட் நான்காம் வகையில் இந்த இடைவெளியைச் சரிசெய்யவே 0 முதல் 3 வரை எண்ணிட்ட போல்ட் தலைகள் இருந்தன என்றால், அக்காலத்தவர் இதை எவ்வளவு பொருட்படுத்தினார்கள் என்று பாருங்கள். இப்போது ஒன்றைத் துடைத்து மூடிய பிறகே அடுத்ததைத் திறக்கிறேன்.

இது வீட்டில் வைக்கும் முறையையும் தொடுகிறது. சட்டப்படி துவக்கில் ரவை இருக்கக் கூடாது; விசைப் பூட்டுப் போடலாம், போல்ட்டைக் கழற்றி எட்டாத இடத்தில் வைக்கலாம், அல்லது எளிதில் உடைக்க முடியாத பூட்டிய பெட்டியில் வைக்கலாம். ரவையும் எளிதில் கைக்கு எட்டக் கூடாது. துவக்குகள் இரண்டுக்கு மேலானால் போல்ட்டுகளைக் கழற்றி ஒரு பையில் போடும் வழியை விட்டுவிட்டு, இரும்புப் பெட்டி ஒன்றை வாங்கிச் சுவரோடு திருகிவிடுவதே என் அறிவுரை. வாடகை வீடானால் சுவரில் துளையிடுமுன் வீட்டுக்காரரிடம் கேளுங்கள்.

மச்சானுக்கோ நண்பருக்கோ உங்கள் இரண்டாவது துவக்கை இரவல் கொடுக்க எண்ணினால், அவரிடமும் பிஏஎல் இருக்க வேண்டும்; இல்லையேல் நீங்கள் அவருடைய பக்கத்திலேயே நின்று நேரடியாக மேற்பார்வை செய்ய வேண்டும். ‘நம்ம ஆள்தானே’ என்பது இங்கே செல்லாது. வண்டியில் ஏற்றும்போது எல்லாத் துவக்குகளும் ரவையின்றி இருக்க வேண்டும். வழியில் தேநீர் குடிக்க இறங்கினால் டிக்கியில் பூட்டிவிடுங்கள். ஒன்ராறியோவின் வேட்டைப் பகுதிகளில் சூரியன் மறைந்து அரை மணி நேரத்துக்குப் பின்னர், மறுநாள் உதயத்துக்கு அரை மணி நேரம் முன்வரை, துவக்கு உறைக்குள் இருக்க வேண்டும். இரண்டு துவக்கு கொண்டுபோகிறவர் இரண்டு உறைகளும் கொண்டுபோக வேண்டும். இரண்டாவதைப் போர்வையில் சுற்றி வைத்திருந்தவரை நான் பார்த்திருக்கிறேன், வனக்காவல் அதிகாரியும் பார்த்தார்.