புரோஜெஸ்டிரோன்ல ஒரே ஒரு ஓஹெச் சேக்க பூஞ்சைகிட்ட வேலை வாங்குறது எப்படி

ஸ்டீராய்டு பயோட்ரான்ஸ்ஃபர்மேஷன்னு (நுண்ணுயிரை விட்டு ஸ்டீராய்டு மூலக்கூறை மாத்துறது) புராஜெக்ட் எடுத்துட்டு எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியாம நிக்கிற எம்.எஸ்சி. பசங்களுக்காக இது.

முதல்ல இது எதுக்குன்னு பாத்துருவோம். கார்ட்டிசோன்ங்கிற ஸ்டீராய்டு மருந்துக்கு 11வது கார்பன்ல ஆக்சிஜன் வேணும், கெமிஸ்ட்ரியால அங்க கை வைக்கிறது பெரிய தலைவலி, மெர்க் கம்பெனி மாட்டுப் பித்தத்துல இருந்து 30 ஸ்டெப்புக்கு மேல போட்டுத்தான் செஞ்சாங்க. ரஸ்ஸல் மார்க்கர்ங்கிற கெமிஸ்ட் மெக்சிகோ காட்டுக் கிழங்குல இருக்குற டயோஸ்ஜெனினை புரோஜெஸ்டிரோன் ஹார்மோனா மாத்திக் காட்டிட்டாரு, ஆனா 11வது கார்பன் அப்படியேதான் கிடந்துச்சு. 1952ல அப்ஜான் கம்பெனியோட பீட்டர்சனும் முர்ரேயும் ரைசோபஸ்ங்கிற பூஞ்சையை விட்டு ஒரே ஸ்டெப்ல அந்த 11வது கார்பன்ல ஓஹெச் (ஹைட்ராக்ஸில்) ஏத்தி முடிச்சாங்க. நாம பண்ணப்போறதும் அதேதான், சின்ன அளவுல.

ரைசோபஸ்னா பிரெட்ல கறுப்பா பூக்குற இனம்தான், அதுக்காக வீட்டு பிரெட்ல இருந்து எடுக்காதீங்க, நுண்ணுயிர்களைச் சேத்து வச்சுக் கொடுக்குற சண்டிகர் எம்டிசிசி இல்ல புனே என்சிஐஎம்ல ரைசோபஸ் நிக்ரிகன்ஸ் வாங்கிக்கோங்க. பிடிஏ (உருளைக்கிழங்கு அகார்) ஸ்லாண்ட்ல நல்லா ஸ்போர் (பூஞ்சை வித்து) வந்ததும் ட்வீன் 80 (ஸ்போர் ஒட்டாம பிரிய உதவுற சோப்பு மாதிரி பொருள்) கலந்த ஸ்டெரைல் தண்ணியில கழுவி எடுத்து, 500 மில்லி ஃப்ளாஸ்க்ல 100 மில்லி மட்டும் மீடியம் (குளுக்கோஸ், பெப்டோன், ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் போதும்) வச்சு அதுல விடுங்க, 28 டிகிரி, ஷேக்கர், ஒன்றரை ரெண்டு நாள். ஃப்ளாஸ்கை நிரப்பிட்டா காத்து பத்தாது, ஓஹெச் ஏத்துற வேலையைச் செய்யுற பி450 என்சைமுக்கு ஆக்சிஜன் இல்லாம ஒண்ணும் ஓடாது. கோலிகுண்டு சைஸ்ல உருண்டை உருண்டையா வளந்தாலும் அதே கதிதான், ஸ்போர் அளவைக் கூட்டிப் பாருங்க.

அடுத்து சப்ஸ்ட்ரேட், அதாவது பூஞ்சைக்கு மாத்தக் கொடுக்குற புரோஜெஸ்டிரோன். முக்கால்வாசி பேரு கோட்டை விடுறது இங்கதான். புரோஜெஸ்டிரோன் தண்ணியில லிட்டருக்கு 10 மில்லிகிராம் கூட கரையாது. 25 மில்லிகிராமை 1 மில்லி எத்தனால்ல கரைச்சு, ஃப்ளாஸ்கை சுத்திக்கிட்டே சொட்டு சொட்டா விடுங்க, மொத்தமா ஊத்தினா வெள்ளையா திரிஞ்சு சுவத்துல ஒட்டிக்கும், அப்புறம் பூஞ்சை மேல பழி போடுறதுல அர்த்தமே இல்ல. எத்தனாலைக் கூட்டினா பூஞ்சைக்கு ஆகாது. எடை போடும்போது கிளவுஸ், மாஸ்க் கண்டிப்பா, இது ஹார்மோன்.

கூடவே ரெண்டு கண்ட்ரோல்: ஸ்டீராய்டு இல்லாம பூஞ்சை, பூஞ்சை இல்லாம ஸ்டீராய்டு. முதல் கண்ட்ரோலை விட்டுட்டா பூஞ்சையோட சொந்த ஸ்டீராலான எர்கோஸ்டிராலைப் பாத்து புராடக்ட்னு சந்தோஷப்படுவீங்க.

12 மணி நேரத்துக்கு ஒருக்கா கொஞ்சம் எடுத்து எத்தில் அசிடேட்ல இழுங்க, மைசீலியத்தையும் (பூஞ்சை இழையையும்) சேத்துத்தான், ஸ்டீராய்டு பாதி அதுல ஒட்டிட்டு இருக்கும். நுரைச்சு லேயர் பிரியலன்னா உப்பு போடுங்க. சிலிக்கா டிஎல்சி தகட்டுல (பொருள்களை ஸ்பாட் ஸ்பாட்டா பிரிச்சுக் காட்டுறது) 254 நானோமீட்டர் யூவி லைட்ல பாத்தா புரோஜெஸ்டிரோன் மேல, நமக்கு வேண்டிய புராடக்ட்டான 11 ஆல்ஃபா ஹைட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன் கீழ தெரியும். அதுக்கும் கீழ மூணாவது ஸ்பாட் ஏறுச்சுன்னா 6வது கார்பன்லயும் ஓஹெச் ஏறுதுன்னு அர்த்தம், உடனே நிறுத்துங்க, நாள் கூடக்கூட அதுதான் பெருகும்.

ஸ்பாட்டை மட்டும் நம்பி தீசிஸ் எழுதாதீங்க. குரோமடோகிராஃபி காலம்ல புராடக்ட்டைப் பிரிச்சு மெல்டிங் பாயிண்ட் பாருங்க, 166 டிகிரி பக்கம் வரணும், என்எம்ஆர்ல (மூலக்கூறு அமைப்பைக் காட்டுற டெஸ்ட்) 4 பிபிஎம் கிட்ட 11வது கார்பனோட புரோட்டான் தெரியணும்.

மிச்ச குழம்பை ஆட்டோக்ளேவ் பண்ணினா பூஞ்சைதான் சாகும், ஸ்டீராய்டு அப்படியே இருக்கும், அதனால சிங்க்ல ஊத்தாம கெமிக்கல் வேஸ்ட் கேன்ல போடுங்க.