மசக்கை மாதத்திலேயே சுகர் பார்த்துவிடுங்கள்

'ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்' என்று எங்கேயாவது படித்துவிட்டு, கவலைப்பட்டால் கர்ப்பத்தில் சுகர் வந்துவிடுமோ என்று பயப்படாதீர்கள், இந்த ஸ்ட்ரெஸ் மனசு சம்பந்தப்பட்டதே இல்லை. செல்களுக்குள் உணவு எரியும்போது உண்டாகும் சில மூலக்கூறுகள் துடுக்குத்தனமானவை, பக்கத்தில் இருப்பதையெல்லாம் அரிக்கும். அவற்றை அடக்க உடம்பு திணறும் நிலைதான் இது. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களுக்கு இதைத் தாங்கும் சக்தி இயல்பிலேயே குறைவு, போதாக்குறைக்கு நஞ்சுக்கொடியின் ஹார்மோன்கள் இன்சுலினை மந்தமாக்குவதால் அவற்றுக்கு வேலையும் கூடிவிடுகிறது. கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் இந்த ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் அதிகமுள்ளவர்களுக்குப் பிந்தைய மாதங்களில் சர்க்கரை வரும் வாய்ப்பு கூடுதல் என்று சில ஆய்வுகளில் தெரிகிறது.

சரி, அப்படியானால் அந்த மூலக்கூறுகளை அடக்கும் ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை வாங்கலாமா? வேண்டாம். பிரிட்டனில் ஆன்டிஆக்சிடன்ட்களான வைட்டமின் சி 1000 மில்லிகிராம், ஈ 400 யூனிட் என்று தினமும் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், 2006இல் முடிவு வந்தது: கர்ப்பகால ரத்த அழுத்தச் சிக்கல் குறையவில்லை, எடை குறைந்த குழந்தைகள்தான் கூடுதலாகப் பிறந்தன. நெல்லிக்காய், கீரை, கொய்யா போதும். டாக்டர் எழுதிய இரும்பு, ஃபோலிக் மாத்திரைகளை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

செய்ய வேண்டியது, முதல் செக்கப்பிலேயே குளுக்கோஸ் டெஸ்ட் கேட்பது. சென்னை டாக்டர் வி. சேஷையா போன்றவர்கள் பரப்பிய முறையில் வெறும் வயிறு தேவையில்லை, இட்லி சாப்பிட்டுவிட்டே போகலாம் (மசக்கையில் பட்டினி கிடக்கச் சொன்னால் யார் வருவார்கள்?). 75 கிராம் குளுக்கோஸை 300 மில்லி தண்ணீரில் கரைத்து ஐந்து, பத்து நிமிடத்துக்குள் குடித்துவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும். அரை மணிக்குள் வாந்தி எடுத்துவிட்டால் சொல்லிவிடுங்கள், மறுநாள் திரும்பக் குடிக்க வேண்டியிருக்கும். 140க்குக் கீழே வந்தாலும் விட்டுவிடாமல் 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொரு தடவை பாருங்கள், நிறையப் பேர் கோட்டை விடுவது இங்கேதான்.

140 அல்லது அதற்கு மேல் என்றால் முதலில் தட்டை மாற்றுங்கள். ரெண்டு பேருக்குச் சாப்பிடு என்று மாமியார் சோற்றைக் குவித்தால், பாதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பொரியலும் சுண்டலும் முட்டையும் வைக்கச் சொல்லுங்கள். ஜூஸ் வேண்டாம், பழமாகவே கடியுங்கள். இரண்டு வாரம் இப்படி இருந்தும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 120க்குக் குறையவில்லை என்றால், இன்சுலின் ஊசியோ மெட்ஃபார்மின் மாத்திரையோ டாக்டர் ஆரம்பிப்பார். அப்புறம், பிரசவமாகி ஆறாவது வாரம் 75 கிராம் குளுக்கோஸ் டெஸ்ட் ஒன்று உண்டு, இதற்கு மட்டும் வெறும் வயிற்றோடு போக வேண்டும். குழந்தையைத் தடுப்பூசிக்குத் தூக்கிப் போகும் அன்றைக்கே கொடுத்துவிட்டு வாருங்கள்.